அரண்மனைக்காரன் தெருவிலிருந்து ஆர்மேனியன் தெருவுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறையில் அக்காவும் நானும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு ஐந்து நாள் போய் வந்தோம். பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை இடம் பார்த்தீங்க, டீச்சர்?" ஐந்து நாளில் பார்த்தவற்றுள் எனக்குச் சொல்லத் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டுமே. அன்று காலை மூன்று மணி நேரத்தை வீணாக்கினேன். அதன் பிறகு கிடைத்த நாளை இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓவியம் பார்க்கவும், உண்ணவும், நாலு பேரோடு பேசவும் வெளிநாடு போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பினாங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு தெருப் பெயர். சென்னை ஜார்ஜ் டவுனைச் சேர்ந்த எங்கள் மண்ணடியில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மேனியன் தெரு என்ற பெயர்தான் நம் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகியது. 1772இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயமும் கச்சாலீசுவரர் கோயிலும் அந்த ஒரே தெருவில் இருக்கின்றன. பினாங்கின் தலைநகருக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர். அங்கேயும் ஓர் ஆர்மேனியன் தெரு உண்டு. நம்முடையது ஐந்தாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கியது. அவர்களுடையது 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் மூன்றாம் ஜார்ஜின் பெயரில் நிறுவியது. இந்த ஒற்றுமையை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்ற உறுத்தல் நெடுநாளாக இருந்தது.

போவதற்கான ஏற்பாடுகளில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லும் வசதி 2023 டிசம்பரில் தொடங்கியது. அது நடப்பில் இருக்கிறதா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் அது அரசின் பக்கம் அல்ல என்று உடனே மூடிவிடுங்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அந்நாட்டுப் பணமான ரிங்கிட்டைத் தமிழர்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். பத்து வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்திருப்பது தெருக்கடைகளில் பெரிதும் உதவும்.

இனி அந்த வீணான காலை. ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். 2012இல் அங்கு நடந்த கலை விழாவுக்காக லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் பழைய வீடுகளின் சுவர்களில் சில ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் பெயர்பெற்றது ஆர்மேனியன் தெருவில் இருக்கிறது: சுவரில் உண்மையான சைக்கிள் ஒன்றைப் பதித்து, அதன்மேல் ஒரு சிறுமி ஓட்ட, அவள் தம்பி பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பதாக வரைந்த படம். சுவரோவியங்களையும், தெருக்களின் கதையைச் சொல்லும் இரும்புக் கம்பிச் சித்திரங்களையும் குறித்த வரைபடம் ஒன்று என்னிடம் இருந்தது. பதினான்கு இடங்களை வட்டமிட்டு, எட்டு மணிக்கு அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். சைக்கிள் ஓவியத்தின் முன்னால் அந்த நேரத்திலேயே வரிசை நின்றது. ஒவ்வொருவரும் சைக்கிளைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், பதினொரு மணிக்கு ஒன்பதாவது வட்டத்தில் நின்றபோது அக்கா நடைமேடையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ படத்தைப் பார்க்கல, கணக்குப் பார்த்துக்கிட்டிருக்க" என்றாள். அவள் சொன்னது சரி. ஒன்பது ஓவியங்களில் ஒன்றின் தூரிகை வீச்சுகூட என் நினைவில் நிற்கவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியரின் மகளான எனக்கு, சுவரின் சுண்ணாம்புப் பூச்சு எப்படி வண்ணத்தை உறிஞ்சியிருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தோன்றவில்லை என்பதை நினைக்கவே வருத்தமாக இருந்தது.

வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆர்மேனியன் தெருவுக்கே திரும்பி வந்து, படமெடுக்கும் கூட்டம் இல்லாத கோடியில், ஒரு பூட்டிய கடையின் முன்னால் மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்குள்ள பழைய கடைவீடுகளின் முகப்பில் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடை ஒன்று உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, ஊர் முழுவதும் அதன் வழியாகவே நடந்து போகலாம். நம் திண்ணையின் உறவுக்காரி என்று அதைச் சொல்வேன். திண்ணை வீட்டுக்காரர் அழைத்தவருக்கானது, இந்த ஐந்தடி நடை போகிறவர் வருகிறவர் எல்லோருக்குமானது, வேறுபாடு அவ்வளவுதான். உட்காரும் முன் பக்கத்துக் கடைக்காரரிடம் சைகையால் அனுமதி கேட்டேன். நடப்பவர்களுக்கு வழிவிட்டுத் தூணோடு ஒட்டி அமர்ந்தேன். இந்த இரண்டையும் எங்கே வரைந்தாலும் செய்யுங்கள்.

எதிரே இரண்டு வீடுகள். ஒன்றின் தூணில் சீன எழுத்துகள், கையால் செதுக்கிப் பொன் வண்ணம் பூசியவை. எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு அப்பா எழுதிய பலகைகள் என் கண்முன் வந்தன. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை எங்கள் பக்கத்தில் அநேகமாக அற்றுப்போயிற்று. இங்கே அந்த மரப்பலகைகள் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன. நீரில் கரையாத மையால் முதலில் கோடுகளைப் போட்டேன். நம் சென்னையைப் போலவே பினாங்கிலும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நீர்வண்ணம் காய நேரமெடுக்கும். ஒரு பூச்சின்மேல் அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் சேறாகிவிடும். கோடு உறுதியாக இருந்தால் வண்ணத்தைக் குறைவாக வைத்தே படத்தை முடித்துவிடலாம்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். சட்டையும் கட்டம் போட்ட லுங்கியும் அணிந்த பெரியவர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். பசியாறுவது என்றால் அங்கே காலை உணவு உண்பது. நாங்கள் வெறும் தேநீரோடு கிளம்பியிருந்தோம். "இன்னும் இல்லீங்க ஐயா" என்று அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் வரைந்து முடிக்கும்வரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் காதில் விழுந்ததையும் பிறகு அவரே என்னிடம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். 1952இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, தன் தந்தையோடு சென்னைத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர் அவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பலில், அறையின்றித் தளத்திலேயே பயணம் செய்யும் 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது எத்தனையோ ஆண்டுகள் நம் மக்களை ஏற்றி இறக்கியது. எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பதால் ரஜூலாவின் பெயர் எங்கள் வீட்டில் உறவினர் பெயரைப்போல் புழங்கியது. அந்தப் பெயரைக் கடலுக்கு அப்பால், அதில் பயணம் செய்தவர் வாயால் கேட்டபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கப்பலுக்கு முந்தைய இரவு மண்ணடியில் தங்கியதையும், விடியற்காலையில் டிராம் வண்டியின் மணியோசை கேட்டதையும் அவர் நினைவு வைத்திருந்தார். "அந்த டிராம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். 1953இலேயே நின்றுவிட்டது என்றும், இப்போது மண்ணடிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது என்றும் சொன்னேன். "அடியிலயா?" என்று திரும்பக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு யோசனை. புறப்படும் முன் நான் இருபது தபால் அட்டைகளில் எங்கள் ஊரை வரைந்து எடுத்துப் போயிருந்தேன்: 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், காசிமேட்டுப் படகுகள், ஆர்மேனியர் தேவாலயத்தின் மணிக்கூண்டு. வெளியூரில் ஒருவர் நமக்கு நேரம் ஒதுக்கிப் பேசும்போது, பதிலுக்குக் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். விலையுள்ள பரிசு கொடுத்தால் அவருக்குச் சங்கடம். நம் ஊரின் ஒரு துண்டைக் கொடுத்தால் அதைப் பற்றியே அடுத்த பேச்சு வளரும். வரையத் தெரியாதவர்கள் ஊரின் புகைப்படங்களை அச்சிட்டு எடுத்துப் போகலாம். பெரியவருக்கு மணிக்கூண்டைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, சோறு சாப்பிடுவோம்" என்று எங்களை அழைத்துப்போனார்.

வழியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதே சாலையில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், சாலை முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், பக்கத்துத் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் தர்காவே ஒன்று இருக்கிறது. எல்லாமே மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத் தொலைவுக்குள் அடங்கும். தம்பு செட்டித் தெருக் காளிகாம்பாளையும் அங்கப்ப நாயக்கன் தெருப் பள்ளிவாசலையும் ஒரே நடையில் கடக்கிற எங்களுக்கு அந்தச் சாலை அந்நியமாகப் படவில்லை. 'கெடாய்' என்று பலகைகளில் கண்டதெல்லாம் நம் கடைதான். மலாய் மொழியில் கப்பல் 'கப்பால்', பெட்டி 'பெத்தி' என்று பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் உடுத்தியிருந்த லுங்கியைப் பற்றி நான் கேட்டேன். அதற்கு அங்கே 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது எங்களுக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு. ஒரு காலத்தில் அந்தத் துறைமுகத்திலிருந்து போன கட்டம் போட்ட துணி, ஊர்ப் பெயரோடு அங்கே தங்கிவிட்டது. பழவேற்காட்டுக்கு இறால் வாங்கப் போகிற அக்கா, "அந்தப் பேரையா இவங்க கட்டிக்கிட்டிருக்காங்க!" என்று வியந்தாள்.

சாப்பிட்டது நாசி காந்தர். நாசி என்றால் மலாயில் சோறு, காந்தர் என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் குழம்புமாகச் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் தொடங்கிய உணவு அது. இப்போது கடையில் வரிசையில் நின்று, தட்டுகளில் இருப்பதைக் கைகாட்டினால் சோற்றின்மேல் வைத்து, நான்கைந்து குழம்புகளை ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். சோறு மூழ்கும்படி வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். மலாயில் வெள்ளம் என்று பொருள். கருவாட்டு வியாபாரம் செய்யும் அக்கா, மீன் சினைக் குழம்பைக் கண்டதும் பெரிய துண்டாகக் கேட்டாள். கூடவே ஒரு பெரிய இறாலும். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் கலந்து வந்த அந்தச் சோற்றைத் தொடக்கத்தில் சந்தேகத்தோடு பார்த்தவள், மூன்றாவது கவளத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். அன்று பெரியவர் எங்களைப் பணம் கொடுக்க விடவில்லை. அதற்கு முந்தைய நாள் வேறொரு கடையில் இதே போல் கைகாட்டி வாங்கி, கணக்கு 58 வெள்ளி என்றபோது திகைத்துப்போயிருந்தோம். சினை, இறால், கணவாய் போன்றவற்றுக்கு அளவைப் பொறுத்து விலை, பலகையில் எழுதியிருக்காது. அதனால் கரண்டி சோற்றின்மேல் சாயும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். அங்கே அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. இருவர் போனால் ஒரு தட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் நாலைந்து உணவுகளைச் சுவைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மாலை மூன்று மணிக்கு, குர்துவாரா சாலையில் இருக்கும் ஹின் பஸ் டிப்போவுக்குப் போனோம். பெயருக்கேற்ப அது பழைய பேருந்துப் பணிமனை; 2014இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். ஞாயிறுதோறும் பகலில் அங்கே கைவினைச் சந்தை கூடும், மாலை ஐந்து மணிக்குக் கலைந்துவிடும். பயண நாட்களுக்குள் ஒரு ஞாயிறு வரும்படி நான் வைத்தது இதற்காகத்தான். சுவர்களில் இருந்த ஓவியங்களை இம்முறை எண்ணவில்லை. ஒன்றின் முன் மட்டும் இருபது நிமிடம் நின்றேன். கூரையற்ற அந்தச் சுவரில் கொடி படர்ந்து ஓவியத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது.

சந்தையின் ஓரத்தில் ஒரு பெண் பத்திக் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். துணியில் மெழுகால் கோடிட்டு, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏறும்படி செய்யும் கலை அது. உடைகளுக்கான இந்த முறையை 1950களில் ஓவியக் கலையாகவே வளர்த்தவர், பினாங்கில் வாழ்ந்து 2008இல் மறைந்த சுவா தியான் தெங். கருவியின் பெயர் 'சாந்திங்': மரப்பிடி, சிறு செம்புக் கிண்ணம், அதன் முனையில் ஊசிமூக்கு. அதில் உருகிய மெழுகை மொண்டு, துணியைத் தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். எனக்கு வரவில்லை. தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும் என்றே என் கை பழகியிருக்கிறது. இங்கே அழுத்தத்துக்கு வேலையே இல்லை. மெழுகின் சூடும் கையின் வேகமும்தான் கோட்டைத் தீர்மானிக்கின்றன. சூடு மிகுந்தால் மெழுகு பரவிவிடுகிறது. குறைந்தால் துணிக்குள் இறங்காமல் மேலாக நின்று, அடியில் சாயம் கசிகிறது. நான் நின்று யோசித்த இடமெல்லாம் பெரிய பொட்டாகியது.

வாழ்நாளில் தூரிகை பிடிக்காத அக்கா, தயங்காமல் ஒரே இழுப்பில் தாமரை ஒன்றை முடித்தாள். அந்தப் பெண் எழுந்துவந்து பார்த்துவிட்டு, முன்பே கற்றவரா என்று கேட்டார். "தினம் வாசல்ல போடுறதுதானே" என்றாள் அக்கா. விரலிடுக்கில் மாவு வழியும் வேகத்துக்குக் கையை நகர்த்திப் பழகிய நாற்பது ஆண்டுகள் அந்தத் தாமரையில் இருந்தன. பிள்ளைகளுக்கு இருபது ஆண்டாக ஓவியம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, கோலத்தை ஒரு கைப்பயிற்சியாக ஒருமுறைகூட வகுப்பில் வைக்கத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு முதல் இரண்டு வாரம் கோலமாவோடுதான் தொடங்கியிருக்கிறேன். பத்திக் கற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாயம் நிலைப்பதற்கான கரைசலைப் பூசிச் சில மணி நேரம் வைத்து, பிறகு கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும் என்பதால், துணி பெரும்பாலும் அன்றே கைக்கு வராது. எங்களுக்கு மறுநாள் கிடைத்தது. ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெயில் தாழ்ந்ததும் கடலோரத்துச் சியூ துறைக்குப் போனோம். ஒரே குலத்தைச் சேர்ந்த சீனக் குடும்பங்கள் தண்ணீருக்குமேல் கம்பங்கள் நட்டு, பலகை பாவி, தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம் அது. வீடுகளுக்குள் படமெடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு உண்டு. கேமராவோடு வருகிறவர்கள் எங்கள் காசிமேட்டில் வலை பின்னுகிறவர் முகத்துக்கு நேரே நீட்டுவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாங்கள். இருவருமே கைபேசியைப் பையில் போட்டுவிட்டோம். ஒரு வாசலில் மூதாட்டி ஒருவர் முறத்தில் இறாலை உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து, ஒன்றை எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டு, எடுத்து முகர்ந்து, இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும் என்று சூரியனைக் காட்டி ஒரு விரல் நீட்டினாள். மூதாட்டி சிரித்து, மறுத்துத் தலையசைத்து, இரண்டு விரல் காட்டினார். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத அந்த இருவரும் உப்பின் அளவு பற்றியும் மீனின் நீளம் பற்றியும் அரை மணி நேரம் கையால் பேசினார்கள். நான் அவர்களை வரைந்தேன். படத்தை மூதாட்டியிடம் காட்டி, ஒப்புதல் பெற்று, அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். ஓவியர்கள் நல்ல படத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. ஆனாலும் அது அவர் வீட்டில் இருக்க வேண்டிய படம்.

இரவு உணவு ஒரு திறந்தவெளி உணவுக் கூடத்தில். முதலில் மேசையைப் பிடித்து அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு கடைகளில் சொல்ல வேண்டும். பானம் மட்டும் தனியாக வந்து கேட்பார்கள். சார் குவே தியாவ் என்ற அரிசிப் பட்டை நூடுல்ஸில் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. உண்ணாதவர்கள் கேட்டு வாங்குங்கள். நாங்கள் மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். சென்னை பர்மா பஜார் எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் தின்று வளர்ந்த நாக்குக்கு அதன் புளிப்பும் காரமும் உடனே பிடித்துப்போனது.

விடைபெறும்போது பெரியவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்: டிராம் போன இடம் இப்போது எப்படி இருக்கிறதோ, அப்படியே ஒரு படம் வேண்டும். திரும்பிவந்த மூன்றாவது ஞாயிறு, விடியற்காலை ஆறு மணிக்கு அதே மடக்கு முக்காலியை எடுத்துக்கொண்டு மண்ணடி மெட்ரோ நிலைய வாசலில் போய் உட்கார்ந்தேன். சுமைவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்து, "என் வண்டியையும் போடும்மா" என்றார். படியிறங்கும் மக்களுக்குப் பக்கத்தில் அவர் வண்டியையும் வரைந்து, பின்பக்கத்தில் தேதி எழுதி, மறுநாள் பினாங்குக்குத் தபாலில் அனுப்பினேன்.